பாய்ப்படகில் நித்திரையா?

மாலைதீவுக்குப் பாய்ப்படகில் போகிறேன் என்று சொன்னால் போதும், வெள்ளவத்தையில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: “நல்லது தம்பி, நாலு நாள் நிம்மதியாய் நித்திரை கொள்ளலாம்.” எரிச்சலாக வருகிறது. முதல் இரண்டு மூன்று நாட்களில் கிடைக்காதது அந்த நித்திரைதான்!

கொழும்புத் துறைமுகத்துக்கு வந்து போகும் பெரிய கப்பல்களின் பாதையை முதலில் தாண்ட வேண்டும். அடிவானத்தில் தெரியும் கொள்கலன் கப்பல் அரை மணித்தியாலத்துக்குள் பக்கத்தில் வந்துவிடும். எங்கள் வேகமோ மணிக்கு 5 கடல்மைல். அதனால் இரவு முழுக்க யாராவது ஒருவர் விழித்திருந்தே ஆக வேண்டும். இரண்டு பேர் என்றால் 3 மணித்தியாலம் காவல், 3 மணித்தியாலம் படுக்கை. படுத்தாலும் உடம்பு உருளும், கயிறு பாய்மரத்தில் டக் டக் என்று அடிக்கும், பெட்டிக்குள் கரண்டிகள் கிலுங்கும். உடம்பு கடலுக்குப் பழகும்வரை சத்தியும் தலையிடியும் வேறு. குளிசையைச் சத்தி வந்த பிறகு போட்டுப் பெரிதாகப் பலனில்லை, புறப்படும் முன்பே போட வேண்டும்.

அப்புறம் அந்தக் கேள்வி: “இரவில் நங்கூரம் போட்டு நிற்பீர்களா?” எங்கே போடுவது? கொழும்புக்கு வெளியே கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடித் தரை, ஒடுங்கியது. அதைத் தாண்டினால் ஆழம் ஆயிரக்கணக்கான மீற்றர். அவ்வளவு சங்கிலி எந்தச் சின்னப் படகில் இருக்கிறது?

சரி, கேள்வி கேட்கட்டும். ஆனால் புறப்படுவதற்கு முதல் இரவு விருந்துக்குக் கூப்பிடாதீர்கள். எண்ணெய்ச் சாப்பாடும் வேண்டாம், பதினொரு மணிவரை கதையும் வேண்டாம். அந்த ஒரு இரவாவது படுக்க விடுங்கள்.