கொல்லிமலையை நிமிடக் கணக்கில் ஏறாதீர்கள்

பைக்கில் மலை ஏறலாம் என்றாலே எல்லோரும் ஊட்டி, கொடைக்கானல் என்றுதான் கிளம்புகிறார்கள். சனி, ஞாயிறுகளில் அங்கே கார்களுக்குப் பின்னால் புகை குடித்தபடி ஊர்ந்து போவதுதான் மிச்சம். என்னைக் கேட்டால், தமிழ்நாட்டில் வண்டி ஓட்டுகிறவர்கள் ஒரு முறையாவது ஏறிப் பார்க்க வேண்டிய சாலை நாமக்கல் மாவட்டத்துக் காரவள்ளியில் தொடங்குகிறது. அங்கிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள்.

சேலத்திலிருந்து வந்தால் ராசிபுரம், பேளுக்குறிச்சி வழி. நாமக்கல்லிலிருந்து என்றால் சேந்தமங்கலம். இரண்டும் காளப்பநாயக்கன்பட்டியில் சேர்ந்துவிடும். காரவள்ளி வரைக்கும் வெயில் மண்டையைப் பிளக்கும். ஏற ஏறக் காற்றின் குணமே மாறும். ஒவ்வொரு வளைவுக்கும் எண் போட்டிருப்பார்கள். பாதிக்கு மேல் போய், ஒதுக்குப்புறமாக வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே பாருங்கள். நீங்கள் வந்த சாலையே நாலைந்து மடிப்பாகக் கிடக்கும். இன்னும் மேலே போனால் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி சுற்றி ஏறியிருப்பதை வண்டியிலிருந்தே பார்க்கலாம்.

இவ்வளவு அருமையான சாலையைத்தான் இப்போது பந்தயத் தடமாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். 70 வளைவையும் எத்தனை நிமிடத்தில் ஏறினேன் என்று வீடியோ போடுகிறார்கள். அதைப் பார்த்து அடுத்தவர் இரண்டு நிமிடம் குறைக்கப் போகிறார். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. அந்த வளைவுகளில் எதிரே வருவது என்ன என்று திரும்பி முடிக்கும்வரை தெரியாது. அரசுப் பேருந்து திரும்பும்போது சாலை மொத்தமும் அதற்கே போதாது. அந்த நேரத்தில் வண்டியைச் சாய்த்துக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டி வருகிறவருக்கு ஒதுங்க இடம் எங்கே இருக்கிறது?

இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு இது ஊர் சுற்றும் சாலை இல்லை. அவர்களுடைய மிளகும் வாழைத்தாரும் பலாப்பழமும் சந்தைக்கு இறங்குவது இந்த வழியாகத்தான். அவசரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி போவதும் இதே வழியில்தான். முள்ளுக்குறிச்சிப் பக்கம் இன்னொரு பாதை இருக்கிறது, ஆனால் எல்லா ஊர்க்காரர்களுக்கும் அது தோதுப்படாது.

ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் உள்ளூர்க்காரர்களைப் பாருங்கள். 100 சிசி வண்டி, பின்னால் ஒரு மூட்டை. வளைவு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, ஒரு ஹாரன் அடித்து, தன் பக்கத்தை விடாமல் திரும்பிப் போய்விடுவார். வளைவுக்குள் போனபிறகு பிரேக்கைத் தேடுவதில்லை. பார்வை முன்சக்கரத்தில் இருக்காது, அடுத்துப் போக வேண்டிய இடத்தில் இருக்கும். பெரிய வண்டி இருந்தால்தான் மலை ஏறும் என்பதெல்லாம் சும்மா பேச்சு.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் அதிகம் வேண்டும். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இன்ஜினை நிறுத்திவிட்டோ நியூட்ரலிலோ இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வண்டியின் முழுப் பாரத்தையும் பிரேக் மட்டும் தாங்கினால் அது சூடாகி, வேண்டிய நேரத்தில் பிடிக்காமல் போகும். இரண்டாவது கியரில் விட்டால் இன்ஜினே பாதி வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம், ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். இது மரியாதை மட்டுமில்லை, சாலை விதியும்கூட.

மேலே போய் ஆகாய கங்கை அருவியைப் பார்க்க ஆயிரத்துக்கும் மேல் படி இறங்க வேண்டும், அதற்குக் காலில் தெம்பு மிச்சம் வையுங்கள். சோளக்காட்டிலும் செம்மேட்டிலும் சாப்பாடு கிடைக்கும். ஆடி 17, 18ல் வல்வில் ஓரி விழாவுக்குக் கூட்டம் அலைமோதும், வண்டி ஓட்டுவதற்காக மட்டும் போகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். பெட்ரோலைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் மெக்கானிக்கிடம் பிரேக் கட்டையையும் டயரையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். விடிந்ததும் ஏறி, இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள்.