துவாலு தேர்தலில் தைவான் எந்தத் தொகுதியில் நின்றது?

2024 ஜனவரி 26 அன்று பசிபிக் தீவு நாடான துவாலுவில் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. மொத்த மக்கள்தொகை சுமார் 11,000, வாக்காளர்கள் ஏறத்தாழ 6,000 பேர். வழக்கமாக இந்த நாட்டை ஏறெடுத்தும் பார்க்காத பன்னாட்டு ஊடகங்கள் அந்த வாரம் மட்டும் விழுந்தடித்துக்கொண்டு எழுதின. தைவானோடு தூதரக உறவு வைத்திருக்கும் மிகச் சில நாடுகளில் துவாலுவும் ஒன்று என்பதால் எல்லோருக்கும் ஒரே கேள்வி: இனி தைவானா, சீனாவா? பிரதமர் கவ்சேயா நடானோ தலைநகர்த் தீவான ஃபுனாஃபுட்டியில் தோற்றதும், தைவானின் நண்பர் வீழ்ந்தார் என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள்.

அந்தப் பதற்றத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஜனவரி 15 அன்றுதான் இன்னொரு பசிபிக் தீவு நாடான நவுரு தைவானைக் கைவிட்டுச் சீனாவின் பக்கம் போயிருந்தது. துவாலுவின் நிதியமைச்சர் செவே பாயெனியுவும், தேர்தலுக்குப் பிறகு தைவான் உறவை மறுபரிசீலனை செய்யலாம் என்று பேசியிருந்தார். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். அவருடைய நுகுலேலே தீவில் வாக்குப்பதிவே நடக்கவில்லை. இரண்டு இடங்களுக்கு இரண்டே பேர் மனுச் செய்ததால் இருவரும் போட்டியின்றித் தேர்வானார்கள். உலகத்தையே பதற வைத்த பேச்சைப் பற்றி அவருடைய சொந்தத் தீவு மக்கள் என்ன நினைத்தார்கள் என்று எந்த வாக்குப்பெட்டியும் சொல்லவில்லை.

துவாலுவில் அரசியல் கட்சிகளே கிடையாது. எட்டுத் தொகுதிகள், தொகுதிக்கு இருவர், மொத்தம் 16 உறுப்பினர்கள். கொடி, சின்னம், தேர்தல் அறிக்கை எதுவுமின்றி வேட்பாளர்கள் தனித்தனியாக நிற்கிறார்கள். ஒரு தீவில் சில நூறு வாக்காளர்கள் என்றால், வேட்பாளரின் குடும்பம், தேவாலயத்தில் அவர் நடந்துகொள்ளும் விதம், போன முறை கப்பல் தாமதமானபோது அவர் என்ன செய்தார் என்பதெல்லாம் ஊருக்கே தெரிந்திருக்கும். இப்படிப் போடப்படும் வாக்கை பெய்ஜிங்குக்கும் தைப்பேவுக்கும் இடையிலான கருத்துக்கணிப்பாக வாசிப்பது, என்னைக் கேட்டால், சோம்பேறித்தனம்.

அதற்காக இந்த முறையைத் தலையில் வைத்துக் கொண்டாடவும் என்னால் முடியவில்லை. நனுமேயா தீவில் வாக்களிப்பவர் தன் தீவின் இருவரைத் தேர்ந்தெடுக்கலாம், அரசாங்கத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. பிரதமர் யார் என்பதைத் தேர்தலுக்குப் பிறகு அந்த 16 பேர் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். இரண்டு பேர் மனம் மாறினால் ஆட்சியே கவிழலாம், கவிழ்ந்தும் இருக்கிறது. அந்த 16 பேரில் ஒரு பெண்கூட இல்லை என்பதைப் பற்றிப் பெரிய கட்டுரைகள் எதையும் நான் பார்க்கவில்லை.

இந்த முறை அவர்களால் உடனே கூடவும் முடியவில்லை. கடல் கொந்தளிப்பால் வெளித்தீவுகளிலிருந்து புதிய உறுப்பினர்களை ஏற்றிவர வேண்டிய படகுகள் தாமதமாயின. ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 26 அன்று, ஃபெலெட்டி டியோ போட்டியின்றிப் பிரதமராகத் தேர்வானார். முன்னாள் தலைமை வழக்கறிஞர், மேற்கு மற்றும் மத்திய பசிபிக் மீன்வள ஆணையத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தவர். அயல்நாட்டுச் சூரை மீன் கப்பல்களிடம் வாங்கும் உரிமக் கட்டணத்தைப் பெருமளவு நம்பியிருக்கும் நாட்டுக்கு இது பொருத்தமான தேர்வு என்றே நினைக்கிறேன். புதிய அரசு எடுத்த எடுப்பிலேயே தைவான் உறவு தொடரும் என்று அறிவித்தது. தீர்ப்பு எழுதியவர்கள் அடுத்த நாட்டுக்கு நகர்ந்துவிட்டார்கள்.

உண்மையில் கவனித்திருக்க வேண்டியது ஆஸ்திரேலியாவுடன் 2023 நவம்பரில் கையெழுத்தான ஃபலேபிலி ஒப்பந்தத்தை. கடல் மட்டம் உயரும் நாட்டிலிருந்து ஆண்டுக்கு 280 பேர், குலுக்கலில் தேர்வாகி, ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகக் குடியேறலாம். பதிலுக்கு, வேறு நாட்டுடன் பாதுகாப்பு உடன்பாடு செய்ய வேண்டுமானால் துவாலு ஆஸ்திரேலியாவின் ஒப்புதலைப் பெற வேண்டும். முன்னாள் பிரதமர் எனெலே சோபோவாங்கா இதைக் கடுமையாக எதிர்த்தார். இறையாண்மையை அடகு வைப்பது என்ற அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் 26 சதுர கிலோமீட்டர் தாழ்நிலத்தில் பிள்ளை வளர்க்கும் தாயிடம் அந்த வாதத்தை என்னால் சொல்ல முடியாது. 2025-இல் முதல் குலுக்கலுக்குப் பதிவு திறந்த சில நாட்களிலேயே மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த பொதுத்தேர்தல் 2028-இல் வரவேண்டும். அதற்குள் பல நூறு பேர் ஆஸ்திரேலியாவில் குடியேறியிருப்பார்கள். சில பத்து வாக்குகளே வெற்றியைத் தீர்மானிக்கும் தீவுகளில், போனவர்களுக்கும் வாக்கு வேண்டுமா என்ற சண்டை கட்டாயம் வரும். வேண்டும் என்பதே என் கட்சி.