எவரோ துண்டு போட்டு வைத்த பெயர்

ஒரு யூசர்நேம் வைக்க இவ்வளவு பாடா? புதுத் தளம் ஒன்றில் கணக்குத் தொடங்க உட்கார்ந்தேன், கடுப்பில் எழுதுகிறேன்.

உர்சுலா லெ குவின் 1968-ல் எழுதிய எர்த்ஸீ நாவலைப் படித்தவர்களுக்கு என் ஆசை புரியும். கதை முழுக்கத் தீவுகள், கடல், படகு. பாம்பனில் நின்று குருசடைத் தீவைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது பிடிக்காமல் போகுமா? அதில் நாயகனின் உண்மைப் பெயர் கெட். நம்பிக்கையான ஆளைத் தவிர யாரிடமும் அதைச் சொல்லக்கூடாது, ஊருக்கெல்லாம் அவன் ஸ்பாரோஹாக். இணையத்தில் முகமூடியாகப் போட்டுக்கொள்ள இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

கிடையாது. எடுத்தாச்சாம். கெட் என்று போட்டால் எழுத்து பத்தாதாம். லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் கதையில் வருகிற காண்டால்ஃப், அரகார்ன் பக்கமெல்லாம் தலை வைத்தே படுக்க முடியாது. அண்டர்ஸ்கோர் சேர்த்தாலும் எடுத்தாச்சு, ஓ-வுக்குப் பதில் சைபர் போட்டாலும் எடுத்தாச்சு. சரி, யார்தான் அந்தப் புண்ணியவான் என்று போய்ப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு பொம்மைத் தலை, பதிவு பூஜ்யம், நண்பர்கள் பூஜ்யம், சேர்ந்தது 2011-ல். துண்டைப் போட்டுவிட்டுப் போனவர் போனவர்தான்!

அதைவிடக் கொடுமை, தளம் தானாக முன்வந்து கொடுக்கிற யோசனைகள். பதிவு செய்யும்போது வாங்கிக்கொண்ட என் சொந்தப் பெயரையும் பிறந்த வருஷத்தையும் ஸ்பாரோஹாக் வாலில் ஒட்டி, பக்கத்தில் பச்சை டிக் போட்டு நீட்டுகிறது. அடப்பாவிகளா, உண்மைப் பெயர் தெரிந்தவன் உன்னை ஆட்டிவைப்பான் என்று சொல்கிற கதையடா அது!

அப்புறம் நம்மூர்க் கதைக்கே வந்தேன். தூங்குகிற மணிமேகலையைக் கடல் தெய்வம் தூக்கிக்கொண்டு போய் மணிபல்லவத் தீவில் விடுகிறதே, அதைவிடவா ஃபேண்டஸி வேண்டும்? தமிழில் தட்டினால் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும்தான் செல்லும் என்று சிவப்பில் திட்டு. ஆங்கில எழுத்தில் போட்டால், வேறென்ன, எடுத்தாச்சு. பக்கத்தில் இருந்த சித்தப்பா மகன், "அண்ணே, உங்க பேரோட ராம்நாடுன்னு சேர்த்துப் போட்டுட்டுப் போங்கண்ணே, இதுக்குப் போய் இவ்வளவு டென்ஷனா" என்கிறான். போடா.

பாம்பன் கரையில் போய்ப் பாருங்கள், ஒரே மாதா பெயரை, ஒரே மாதிரி நீலப் பெயிண்டில் எழுதிய படகுகள் வரிசையாக நிற்கும். பதிவு எண் வேறு வேறு, அதனால் ஒருத்தரும் சண்டைக்கு வருவதில்லை. இந்தத் தளங்களுக்கு உள்ளேயும் கணக்குக்கு ஒரு தனி எண் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? டிஸ்கார்ட் என்கிற அரட்டைச் செயலியில் பெயருக்குப் பின்னால் நாலு இலக்கம் இருந்த காலத்தில் ஒரே பெயரை ஆயிரம் பேர்கூட வைத்துக்கொள்ள முடிந்தது. உருப்படியாக இருந்த அந்த ஏற்பாட்டையும் 2023-ல் மாற்றத் தொடங்கி, ஒரு பெயர் ஒருத்தருக்குத்தான் என்று ஆக்கிவிட்டார்கள். (நல்ல பெயரைப் பிடித்து வைத்து, காசுக்கு விற்கிற கும்பல் வேறு தனியாக இருக்கிறது. அதை எழுத ஆரம்பித்தால் எனக்குப் பிபி ஏறும்.)

பத்து வருஷமாக எட்டிப் பார்க்காத கணக்கின் பெயரைத் திறந்துவிட்டால் என்னய்யா குடி முழுகிவிடும் உங்களுக்கு?