கோடையில்தான் பார்க்க வேண்டும்

சவூதி அரேபியாவில், செங்கடல் ஓரத்துத் துவல் கடற்கரையில் இருக்கும் மன்னர் அப்துல்லா பல்கலைக்கழக வளாகத்தின் பறவைகளை மாதவாரியாக எழுதியிருக்கிறீர்கள், அருமை. ஆனால் கோடையை 'ஒன்றும் இல்லாத காலம்' என்று இரண்டே வரியில் தள்ளியதை மட்டும் ஏற்க முடியவில்லை. வலசைப் பறவைகள் கிளம்பிவிடும், சரி. செங்கடலுக்கே உரிய வெண்கண் கடற்காகம் தீவுகளில் முட்டையிடுவது அந்தக் கொளுத்தும் வெயிலில்தானே! செங்கடலையும் ஏடன் வளைகுடாவையும் விட்டால் அதை வேறெங்கும் பார்ப்பது அரிது.

நண்டு தின்னும் உள்ளானும் கோடையில்தான் முட்டையிடும். கறுப்பு வெள்ளை உடம்பு, தடித்த கறுப்பு அலகு. மணலில் வளை தோண்டி உள்ளே ஒரே ஒரு வெள்ளை முட்டை இடும். அடைகாக்கும் வேலையில் பெரும்பங்கை மணலின் சூடே பார்த்துக்கொள்ளும். குளிர்காலத்தில் ராமேஸ்வரம் பக்கமும் மன்னார் பக்கமும் வரும் அதே இனம்தான் இது.

மீன் பிடித்துத் தின்னும் வேட்டைப் பறவையான விரால் அடிப்பானின் கதை வேறு. நம்மூருக்குக் குளிர்காலத்தில் மட்டும் வந்துபோகும் விருந்தாளி. செங்கடலிலோ ஆண்டு முழுவதும் இருந்து, அதே குளிர்காலத்தில் கூடு கட்டுகிறது.

புல்வெளிக் கொண்டலாத்தி, மைனா படங்கள் நன்றாக இருக்கின்றன. (புல்லுக்குத் தண்ணீர் விடாவிட்டால் அவை அங்கே எதற்கு வரும்!) அடுத்த பகுதியில் அலையாத்திக் காட்டுப் பக்கம் அலை வடியும் நேரத்தில் எடுத்த படங்களையும் போடுங்கள். கரைக் கொக்கில் கறுப்பு, வெள்ளை என இரண்டு நிறமும் உண்டு; இரண்டையும் சேர்த்தே காட்டலாம்.