திருமயம் கோட்டை நம்ம சேதுபதி கட்டியது

தொண்டிக் கரையில் பிறந்து வளர்ந்தவள் நான். மேடு என்றால் எங்களுக்கு மணல்மேடுதான். போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் தம்பி மகனையும் கூட்டிக்கொண்டு திருமயம் மலைக்கோட்டைக்குப் போயிருந்தேன். தேவகோட்டை, காரைக்குடி தாண்டினால் வந்துவிடுகிறது.

பாறையில் வெட்டிய படிகளில் அம்மா உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினார். நடுவில் ஒரு செங்குத்துப் பாறையில் குடைந்த சிறிய குகை, உள்ளே லிங்கம். இரும்பு ஏணியில் ஏறித்தான் பார்க்க வேண்டும். அம்மா கீழே நின்றே கும்பிட்டுக்கொண்டார். உச்சியில் பீரங்கியைத் தொட்டுப் பார்த்த பையன், “இதை யாரு அத்தை கட்டுனது?” என்றான். “நம்ம ராமநாதபுரம் சேதுபதிடா” என்றேன். “நம்ம ஊரு ராஜாவா?” என்று அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும்தான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

1687இல் இதைக் கட்டியவர் கிழவன் சேதுபதி. போகலூரிலிருந்து தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றினாரே, அவரேதான். அப்போது திருமயம் சேதுபதி சீமையின் வடக்குப் பகுதி. பின்னால் அது புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் கைக்குப் போனது. அந்தத் தொண்டைமான்களும் அந்நியர் இல்லை. கிழவன் சேதுபதியின் மனைவி காதலி நாச்சியார் அந்த வீட்டுப் பெண். இன்றைக்குப் பலரும் இதை ஊமையன் கோட்டை என்கிறார்கள். ஊமைத்துரை மேல் எனக்கும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் கட்டியவர் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டாமா?

நம்ம கடற்கரைப் பள்ளிகளிலிருந்து சுற்றுலா என்றால் வருஷா வருஷம் கொடைக்கானல்தான். போகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே நாளில் காலையில் திருமயம், மாலையில் ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனை ஓவியங்கள் என்று காட்டிவிடலாம். நம்ம வரலாற்றை அப்படி ஒரு பிள்ளை கண்ணால் பார்த்தால் அது ஆயுசுக்கும் மறக்காது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மதில் செங்கல்லில் சாவியால் கீறிய பெயர்கள், அம்பு துளைத்த இதயங்கள். ஒன்றில் சுண்ணாம்புப் பூச்சே பெயர்ந்து விரல் ஆழத்துக்குக் குழி விழுந்திருந்தது. மழைநீர் நிற்கும் சுனையில் தண்ணீர் பாட்டில்கள் மிதந்தன. வயிறு எரிந்தது.

உச்சியில் நின்றால் சுற்றிலும் கண்மாய்கள் தகடு தகடாக மின்னுகின்றன. “கடல் தெரியுதா அப்பத்தா?” என்று கேட்டான் பையன். அம்மா கண்ணை மூடி முகத்தைக் கிழக்கே திருப்பினார். “தெரியாதுய்யா. ஆனா இது கொண்டல் காத்து. நம்ம பக்கமிருந்துதான் வருது.”

அடுத்த மாதம் எங்கள் தெருப் பிள்ளைகளை வேனில் கூட்டிப் போகிறேன். வர விரும்புகிறவர்கள் சொல்லுங்கள். விடியக் கிளம்ப வேண்டும், வெயில் ஏறிவிட்டால் பாறையில் கால் வைக்க முடியாது.