ஆறு பக்கப் பேப்பரும் இம்பாக்ட் ஃபேக்டரும்

எச்-இண்டெக்ஸ் எவ்வளவு? (பத்து என்றால், ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறை மற்ற பேப்பர்களில் மேற்கோள் காட்டப்பட்ட பத்துப் பேப்பர்கள் அவருக்கு உண்டு.) பேப்பர் வந்த ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டர், அதாவது அதன் கட்டுரைகளுக்குக் கிடைக்கும் சராசரி மேற்கோள், எவ்வளவு? ஒரு செல் உயிரியலாளர் தேறுவாரா மாட்டாரா என்பதை இந்த இரண்டு எண்களை வைத்தே முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நான் ஜப்பானியச் செல் உயிரியலாளர் யோஷினோரி ஓசுமியின் பெயரைத்தான் இழுப்பேன்.

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அவருக்கென்று ஓர் ஆய்வகம் அமைந்தது 1988இல். அப்போது வயது 43. அந்த வயதில் பலர் பெரிய குழுவையே நடத்திக்கொண்டிருப்பார்கள். இவர் எடுத்துக்கொண்டதோ ஈஸ்ட் செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற பை. அதைச் செல்லின் குப்பைக்கிடங்கு என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள், போட்டிக்கு ஆளே இல்லை.

செல் தன் உள்ளிருப்பதைத் தானே தின்று செரிப்பதற்கு ஆட்டோஃபேஜி என்று 1963இலேயே பெயர் வைத்துவிட்டார் கிறிஸ்டியன் டி டூவ். ஆனால் எந்த மரபணுக்கள் அதை நடத்துகின்றன என்று யாருக்கும் தெரியாது. ஓசுமி யோசித்த வழி எளிமையானது. செரிக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்டைப் பட்டினி போட்டால், உள்ளே வந்தது கரையாமல் தேங்கத்தானே வேண்டும்? தேங்கியது. சில மணி நேரத்தில் வாக்குவோல் முழுக்கச் சின்னச் சின்ன உருண்டைகள். சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே அவை துள்ளுவது தெரிந்தது. அப்புறம் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: எந்த மரபணு கெட்டால் இந்த உருண்டைகள் வராமல் போகும்? மரபணு மாறிய ஆயிரக்கணக்கான ஈஸ்ட் வகைகளைச் சலித்து, மிகி சுகடாவோடு சேர்ந்து 15 மரபணுக்களை அடையாளம் காட்டினார்.

அந்தப் பேப்பர் வந்தது 1993இல், எஃப்.இ.பி.எஸ். லெட்டர்ஸில். இரண்டே ஆசிரியர்கள், ஆறு பக்கம். நல்ல ஜர்னல்தான், ஆனால் நியமனக் குழுவில் யாரும் வாயைப் பிளக்கும் பெயர் இல்லை. 2016இல் மருத்துவ நோபல் அவர் ஒருவருக்கே முழுதாகக் கிடைத்ததற்கு அடிப்படையாக இருந்த வேலைகளில் இதுவும் ஒன்று.

இம்பாக்ட் ஃபேக்டர் கணக்கில் இந்தப் பேப்பர் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களைக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பதுதான் அது. அதாவது 1993 பேப்பர் 1994, 1995 கணக்குகளில் மட்டும் வரும். அப்போது இந்தத் துறையில் இருந்தவர்களே கொஞ்சப் பேர், மேற்கோள் காட்ட யார் இருந்தார்கள்? மனிதச் செல்லிலும் இதே மரபணுக்களின் சொந்தங்கள் இருப்பது தெரியவந்து கூட்டம் கூடியபோது, கணக்கில் அந்தப் பேப்பருக்கு இடமே இல்லை.

சரி, மொத்த மேற்கோளையாவது நம்பலாமா? புரத அளவைக் கண்டுபிடிக்க ஒலிவர் லவுரி 1951இல் எழுதிய முறைக்கு 3 லட்சத்துக்கும் மேல் மேற்கோள்கள். அது ஒன்றும் மகத்தான பேப்பர் இல்லை என்று அவரே சொன்னவர். எல்லாருக்கும் தேவைப்பட்டது, எல்லாரும் குறிப்பிட்டார்கள். அதைக் குறை சொல்லவில்லை. பயன்பாடும் ஒரு தாக்கம்தான். ஆனால் அது வேறு வகைத் தாக்கம், இரண்டையும் ஒரே தராசில் வைப்பதுதான் கோளாறு.

இதற்கு எதிராக முதலில் கையெழுத்து திரட்டியவர்களில் செல் உயிரியலாளர்களே முன்னால் நின்றார்கள். 2012 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்கச் செல் உயிரியல் சங்கக் கூட்டத்தில்தான் டோரா என்ற ஆய்வு மதிப்பீட்டுப் பிரகடனத்துக்கு வித்து விழுந்தது. ஜர்னலின் எண்ணை வைத்து ஆளை எடைபோடாதீர்கள் என்பதே அதன் சாரம். அடுத்த ஆண்டு நோபல் வாங்கிய செல் உயிரியலாளர் ராண்டி ஷெக்மன், இனி நேச்சர், செல், சயின்ஸ் என்ற மூன்று பெரிய ஜர்னல்களுக்கும் பேப்பர் அனுப்பமாட்டேன் என்று அறிவித்தார். நோபல் வாங்கிய பிறகு சொல்வது சுலபம் என்று கேலி செய்தவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு: முனைவர் பட்டம் முடித்து, தற்காலிக ஆய்வுப் பணியில் இருந்தபடி வேலை தேடும் போஸ்ட்டாக்கால் அப்படிச் சொல்ல முடியாது.

எண்களே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எண் போனால் அந்த இடத்தில் சிபாரிசு வந்து உட்காரும், பெரிய ஆய்வகத்தின் பெயர் வந்து உட்காரும். எனக்கு வேண்டியது ஒன்றுதான். விண்ணப்பத்தில் மூன்று பேப்பர்கள் மட்டும் கேளுங்கள். ஒவ்வொன்றும் எதை மாற்றியது என்று ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். குழுவில் ஒருவராவது அந்த மூன்றையும் படித்துவிட்டு வரட்டும். ‘நேரமில்லை’ என்பார்கள். ஆறு பக்கம் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்?