அனெக்வஸ் ஏன் நன்றி சொல்லணும்?

மோனிக்வில் பிளாக்கூஸ் எழுதிய ‘டூ ஷேப் எ டிராகன்ஸ் பிரெத்’ நாவலை முடித்து நாலு நாள் ஆச்சு. அதன் நாயகி அனெக்வஸ் இன்னும் மனசை விட்டு இறங்கவில்லை. 2023இல் வந்த புத்தகம். எழுதியவர் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையோரத்து வாம்பனோவாக் பூர்வகுடியைச் சேர்ந்தவர். அறிவியல் புனைவுக்கும் மாயக்கதைகளுக்குமான நெபுலா, ஹியூகோ விருது விழாக்களில் இளையோர் நாவலுக்குக் கொடுக்கும் பரிசுகள் இரண்டும் 2024இல் இதற்குக் கிடைத்தன. அதற்காகச் சின்னப் பசங்க புத்தகம் என்று தள்ளிவிடாதீர்கள்.

கதை இதுதான். ஒரு தீவு. கொள்ளைநோயில் பெரும்பாலான மக்கள் செத்துப்போய், அவர்களோடு வாழ்ந்த டிராகன்களும் தலைமுறைக் கணக்கில் கண்ணில் படாத ஊர். அங்கே அனெக்வஸ் என்ற பதினைந்து வயதுப் பெண்ணுக்கு ஒரு டிராகன் முட்டை கிடைக்கிறது. பொரிந்து வந்த குட்டி அவளையே தேர்ந்தெடுத்துக்கொள்கிறது, ஊரே கொண்டாடுகிறது. ஆனால் நாட்டைப் பிடித்து ஆள்கிறவர்களின் சட்டம் வேறு. டிராகன் வைத்திருப்பவர் அவர்களுடைய பள்ளியில் படித்துத் தேற வேண்டும், தேறாவிட்டால் குட்டியைக் கொன்றுவிடுவார்கள். அவள் கிளம்பிப் போகிறாள்.

அங்கே போனதும் எல்லாரும் அவளிடம் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்று, நன்றி. உனக்குப் படிப்பு கொடுக்கிறோம், நாகரிகம் கொடுக்கிறோம், பணிவாக இரு. அவளோ ‘இது ஏன் இப்படி?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். சண்டை போடுவதற்காகக் கேட்பதில்லை, அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை, ஏனென்றால் தன் வீட்டில் அவள் எதிலும் குறைந்தவளாக வளரவில்லை. எனக்கு இந்த நாவலில் மிகப் பிடித்தது இதுதான். நெருப்பு கக்கி ஊரை எரிக்கிற புரட்சியை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள்.

‘அவள் எப்பவும் சரியாவே பேசுறா, தப்பே பண்ணமாட்டேங்கிறா’ என்று சிலர் குறைபட்டார்கள். நடுவில் எனக்கும் அப்படித் தோன்றியது, மறைக்கவில்லை. ஆனால் அதே பள்ளியில் தியோட் என்று இன்னொரு பூர்வகுடிப் பையன் இருக்கிறான். குழந்தையிலேயே சொந்தங்களிடமிருந்து பிரிக்கப்பட்டு, ஆள்கிறவர்கள் மத்தியில் வேலைக்காரனாக வளர்ந்தவன், தன் மக்களின் மொழி ஒரு வார்த்தை தெரியாது. அவனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் அனெக்வஸின் நிமிர்வு எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் பிடிபட்டது. அவளுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது.

இதற்கெல்லாம் அடியில் நிஜ வரலாறு கிடக்கிறது. 1616க்கும் 1619க்கும் இடையில் அமெரிக்காவின் அந்த வடகிழக்குக் கரையோரத்தில் கொள்ளைநோய் வந்து ஊர் ஊராகக் காலியானது. பட்டுக்ஸெட் என்ற வாம்பனோவாக் ஊர் ஆளில்லாமல் கிடந்த இடத்தில்தான் 1620இல் ஆங்கிலேயர்கள் வந்து பிளிமத் குடியிருப்பைப் போட்டார்கள். அப்புறம் பள்ளிக்கூடம். ஹார்வர்ட் கல்லூரியின் 1650 சாசனமே ஆங்கிலேய, ‘இந்திய’ (அதாவது அமெரிக்கப் பூர்வகுடி) பிள்ளைகள் இருவரின் கல்விக்கும் என்றுதான் சொல்கிறது. மார்த்தாஸ் வின்யார்ட் என்கிற தீவிலிருந்து கேலப் சீஷாட்டோமக் என்ற வாம்பனோவாக் இளைஞன் அங்கே போய் 1665இல் பட்டம் வாங்கினான். அடுத்த வருஷமே காசநோயில் இறந்தான். அவனோடு படித்த ஜோயல் ஐயாகூம்ஸும் அதே தீவுக்காரன், பட்டமளிப்புக்குக் கொஞ்சம் முன்னால் கடற்பயணத்தில் உயிரை விட்டான். அவனுக்கான பட்டத்தை ஹார்வர்ட் கொடுத்தது 2011இல்!

கேலப் எழுதிய ஒரு கடிதம் மிஞ்சியிருக்கிறது. பணம் கொடுத்த புரவலர்களுக்கு, லத்தீனில், கிரேக்கப் புராணத்து ஆர்ஃபியஸ் கதையெல்லாம் சொல்லி எழுதிய நன்றிக் கடிதம். அந்தப் பையன் ராத்திரியில் தன் மொழியில் என்ன நினைத்துக்கொண்டு படுத்தான் என்பதற்கு ஒரு வரி கூட நம்மிடம் இல்லை. அனெக்வஸ் வகுப்பில் எழுந்து நின்று ‘ஏன்?’ என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அவன் ஞாபகம்தான் வந்தது.

யாராவது படித்திருந்தால் வாருங்கள், தியோட் பற்றிப் பேசணும்.